தேதி ஒருவர் கையில், நாற்காலி இன்னொருவர் கையில்: அமெரிக்கப் பிரைமரிச் சண்டைகள் ஓர் எளிய அறிமுகம்

2008 ஜனவரி 29 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் நடந்தது. சுமார் 17 லட்சம் பேர் வாக்களித்தார்கள். ஹிலாரி கிளின்டனுக்கு 50 சதவீதம், பராக் ஒபாமாவுக்கு 33 சதவீதம். ஆனால் அன்றைய தேதியில் இந்த வெற்றியால் கிளின்டனுக்குக் கிடைத்த கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளின் எண்ணிக்கை பூஜ்யம். தோற்ற ஒபாமாவுக்கும் பூஜ்யம்தான். வாக்குச்சாவடியில் முறைகேடு எதுவும் இல்லை, எண்ணிக்கையிலும் குளறுபடி இல்லை. அனுமதிக்கப்பட்ட நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகத் தேர்தலை வைத்துவிட்டார்கள். அதுதான் குற்றம்.

நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அமெரிக்க அதிபர் தேர்தல் வரும்போதெல்லாம் இந்த மாதிரி ஒரு தகராறு செய்தியில் அடிபடும். எந்த மாநிலம் முதலில், யாருக்கு எத்தனை பிரதிநிதி, யார் வாக்கு செல்லும், யார் வாக்கு செல்லாது என்று இரண்டு கட்சிக்காரர்களும் மாறி மாறி நீதிமன்றம் போவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தலை சுற்றும். அடிப்படை பிடிபட்டுவிட்டால் பெரிய சிக்கல் இல்லை.

இந்தியாவில் ஒரு தொகுதிக்கு யார் வேட்பாளர் என்பதைக் கட்சித் தலைமை ஓர் அறிக்கையில் சொல்லி முடித்துவிடும். அமெரிக்காவில் அந்த முடிவையும் வாக்காளர்களிடமே கொடுத்திருக்கிறார்கள், ஆனால் நேரடியாக இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் கட்சிக்குள் ஒரு போட்டி நடக்கும். அரசே வாக்குச்சாவடி வைத்து நடத்தினால் அது பிரைமரி. கட்சிக்காரர்கள் பள்ளிக்கூடத்திலோ சமூகக் கூடத்திலோ ஒரு மாலை வேளையில் கூடித் தங்கள் விருப்பத்தைப் பதிவு செய்தால் அது காகஸ். இரண்டில் எது நடந்தாலும் அதன் முடிவுப்படி அந்த மாநிலத்திலிருந்து இத்தனை பிரதிநிதிகள் என்று தேசிய மாநாட்டுக்குப் போவார்கள். அந்த மாநாட்டில் பிரதிநிதிகளில் பாதிக்கு மேல் யார் பக்கமோ அவர்தான் கட்சியின் அதிபர் வேட்பாளர். ஆக, வாக்காளர் போடும் வாக்கு ஒரு பிரதிநிதியாக மாறினால்தான் அதற்கு உயிர்.

இந்த ஏற்பாடு ரொம்பப் பழையது என்று நினைக்க வேண்டாம். 1968-இல் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆனார். மாநிலத் தலைவர்கள் கையில் வைத்திருந்த பிரதிநிதிகளே அதற்குப் போதுமாக இருந்தார்கள். வியட்நாம் போரை எதிர்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். சிகாகோ மாநாட்டுக்கு வெளியே போலீஸ் தடியடி, உள்ளே கூச்சல். அந்த அவமானத்துக்குப் பிறகு கட்சி ஒரு குழு போட்டு விதிகளைத் திருத்தியது. 1972 முதல் பிரைமரியும் காகஸும்தான் பிரதிநிதிகளைத் தீர்மானிக்கின்றன. குடியரசுக் கட்சியும் கிட்டத்தட்ட அதே பாதையில் வந்து சேர்ந்தது.

இனிதான் சிக்கலின் வேர். நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தலின் நாளை 1845-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றாக நிர்ணயித்துவிட்டது. பிரைமரிக்கு அப்படி ஒரு தேசியச் சட்டம் இல்லை. அரசியல் சாசனத்திலும் பிரைமரி என்ற பேச்சே கிடையாது, கட்சி என்ற பேச்சும் கிடையாது. அதனால் பிரைமரி எந்த நாளில் என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்கிறது. செலவும் பெரும்பாலும் மாநில அரசினுடையது. மாநாட்டில் யாரை உட்கார வைப்பது என்பதைத் தேசியக் கட்சி முடிவு செய்கிறது. முகூர்த்தத் தேதி குறிப்பது பெண் வீட்டார், பந்தியில் இலை போடுவது மாப்பிள்ளை வீட்டார் என்ற கதை. இருவருக்கும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் தேதியை மாற்றச் சொல்ல இவர்களுக்கு அதிகாரமில்லை, இலை போடு என்று கேட்க அவர்களுக்கு உரிமையில்லை.

இதை உச்ச நீதிமன்றமே இரண்டு முறை சொல்லியிருக்கிறது. 1972-இல் சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலியின் அணியைச் சேர்ந்த 59 பிரதிநிதிகள் இல்லினாய் மாநிலச் சட்டப்படி தேர்வாகி மாநாட்டுக்குப் போனார்கள். கட்சி விதிப்படி தேர்வாகவில்லை என்று அவர்களை வெளியே நிறுத்திவிட்டு, வேறு 59 பேரைக் கட்சி உட்கார வைத்தது. மாநில நீதிமன்றம் டேலி பக்கம் நின்றது. 1975-இல் உச்ச நீதிமன்றம் கட்சி பக்கம் நின்றது. 1981-இல் விஸ்கான்சின் வழக்கிலும் அதே நிலைதான்: யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சிப் பிரைமரியிலும் வாக்களிக்கலாம் என்று மாநிலம் சட்டம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்படி நடந்த தேர்தலின் முடிவைத் தேசியக் கட்சி ஏற்றே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

ஏன் எல்லோருக்கும் முன்வரிசை வேண்டும்?

தேதிக்கு இவ்வளவு அடிதடி எதற்கு என்று தோன்றலாம். எல்லா மாநிலத்தின் வாக்கும் சமம்தானே? காகிதத்தில் சமம். நடைமுறையில் முதலில் வாக்களிக்கும் மாநிலங்கள்தான் களத்தைச் சுருக்குகின்றன. பத்துப் பேர் போட்டியிட்டால் முதல் இரண்டு மூன்று மாநிலங்களில் மண்ணைக் கவ்வியவர்களுக்கு நன்கொடை நின்றுவிடும், தொலைக்காட்சிக்காரர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவர்களாகவே விலகிவிடுவார்கள். ஜூனில் வாக்களிக்கும் மாநிலத்தின் வாக்குச்சீட்டில் பெயர்கள் இருக்கும், போட்டி இருக்காது.

1976-இல் ஜிம்மி கார்ட்டர் என்றால் நாட்டில் பலருக்கு யாரென்றே தெரியாது. அயோவா காகஸில் ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்ற பிரிவு முதலிடம், கார்ட்டர் இரண்டாமிடம். ஆனாலும் மற்ற வேட்பாளர்களை முந்திவிட்டார் என்பதே தலைப்புச் செய்தியானது. அந்த ஆண்டு இறுதியில் அவர் அதிபராகத் தேர்வானார். அன்றிலிருந்து அயோவாவுக்கு வந்த மவுசு வேறு.

நியூ ஹாம்ப்ஷயர் இன்னும் கெட்டி. நாட்டின் முதல் பிரைமரி எங்களுடையதுதான் என்பதை அந்தச் சின்ன மாநிலம் 1920 முதல் விட்டுக்கொடுத்ததில்லை. அதற்குச் சட்டமே வைத்திருக்கிறார்கள்: வேறெந்த மாநிலமும் இதே போன்ற தேர்தலை வைத்தால், அதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக எங்கள் தேர்தல் நடக்க வேண்டும். தேதியைக் குறிக்கும் அதிகாரம் மாநிலச் செயலர் என்ற ஒரே ஓர் அதிகாரியிடம். பில் கார்ட்னர் என்பவர் 1976 முதல் 2022 வரை அந்தப் பதவியில் இருந்தார். மற்ற மாநிலங்கள் தேதியை அறிவிக்கும்வரை வாயே திறக்காமல் காத்திருந்து, கடைசியில் எல்லோருக்கும் முன்னால் ஒரு நாளைக் குறிப்பது அவருடைய பாணி. அயோவாவிலும் இதே மாதிரி ஒரு சட்டம் உண்டு. ஆனால் அங்கே நடப்பது காகஸ் என்பதால் இரண்டும் மோதாமல் ஓடிக்கொண்டிருந்தன.

ஃபுளோரிடா ஏன் பொறுமை இழந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். மக்கள்தொகையில் நாட்டின் முன்னணி மாநிலங்களில் ஒன்று அது. அவ்வளவு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் ஆளைத் தேர்ந்தெடுத்துவிடும் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஃபுளோரிடாவும் மிஷிகனும்

2008-க்கு ஜனநாயகக் கட்சி போட்ட விதி எளியது. அயோவா, நெவாடா, நியூ ஹாம்ப்ஷயர், தென் கரோலினா ஆகிய நான்கைத் தவிர எந்த மாநிலமும் பிப்ரவரி 5-க்கு முன் வாக்கெடுப்பு வைக்கக் கூடாது. ஃபுளோரிடாவில் அப்போது ஆளுநரும் குடியரசுக் கட்சி, சட்டமன்றப் பெரும்பான்மையும் குடியரசுக் கட்சி. 2007-இல் அவர்கள் தேதியை ஜனவரி 29-க்கு இழுத்தார்கள். இரண்டு கட்சிக்கும் பிரைமரி ஒரே நாளில் என்பதால் ஜனநாயகக் கட்சியும் மாட்டிக்கொண்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் போட்ட சட்டத்துக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று ஃபுளோரிடா ஜனநாயகக் கட்சியினர் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான், ஆனால் அந்த மசோதாவுக்கு அவர்களுடைய உறுப்பினர்களும் ஏறக்குறைய ஒட்டுமொத்தமாகக் கைதூக்கியிருந்தார்கள். அதே மசோதாவில் காகித வாக்குச்சீட்டுக்குத் திரும்பும் ஏற்பாடும் இருந்ததால் எதிர்க்க முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலின் வாக்கு எண்ணிக்கைத் தகராறில் ஃபுளோரிடா பட்ட பாட்டை நினைத்தால் அதையும் தள்ளிவிட முடியாது.

மிஷிகன் கதையில் அந்தச் சாக்குகூட இல்லை. அங்கே ஆளுநர் ஜெனிஃபர் கிரான்ஹோம் ஜனநாயகக் கட்சிக்காரர். அவரே கையெழுத்திட்டுத் தேதி ஜனவரி 15-க்கு வந்தது. அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் சும்மா இருக்குமா? அயோவா ஜனவரி 3-க்கும் நியூ ஹாம்ப்ஷயர் ஜனவரி 8-க்கும் ஓடின. புத்தாண்டு வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் வாக்கெடுப்பு.

விதிப்படி தண்டனை பாதிப் பிரதிநிதிகளை இழப்பது. கட்சியின் விதிகள் குழு அதோடு நிற்கவில்லை. 2007 ஆகஸ்டில் ஃபுளோரிடாவின் 210 பிரதிநிதிகளையும், டிசம்பரில் மிஷிகனின் 156 பிரதிநிதிகளையும் முழுசாகப் பறித்தது. கட்சியே பின்னொரு நாளில் தனியாகக் காகஸ் நடத்திக்கொள்ளலாம் என்ற வழி இருந்தும் ஃபுளோரிடா கட்சி மறுத்துவிட்டது. நீதிமன்றம் போனவர்களுக்கும் பலன் இல்லை. முக்கிய வேட்பாளர்கள் இந்த இரண்டு மாநிலங்களிலும் பிரசாரம் செய்ய மாட்டோம் என்று உறுதியளித்தார்கள். மிஷிகனில் ஒபாமா, எட்வர்ட்ஸ் போன்றவர்கள் தங்கள் பெயரையே வாக்குச்சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிளின்டன் எடுக்கவில்லை. அங்கே நடக்கும் தேர்தல் எதற்கும் கணக்கில் வரப்போவதில்லை, பெயர் இருந்தால் என்ன என்பது போல ஒரு வானொலிப் பேட்டியில் பேசினார். முடிவு: கிளின்டன் 55 சதவீதம், ‘யாருக்கும் உறுதியில்லை’ 40 சதவீதம்.

பிரைமரிகள் ஆரம்பித்தபோது சீக்கிரம் ஒருவர் ஜெயித்துவிடுவார், இந்தத் தண்டனையெல்லாம் யாருக்கும் உறைக்காது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் போட்டி ஜூன் வரை இழுத்தது. ஒவ்வொரு பிரதிநிதியும் தங்கமாகிவிட்டார். கணக்கில் வராது என்று சொன்ன கிளின்டன் தரப்பு, ஒவ்வொரு வாக்கும் எண்ணப்பட வேண்டும் என்று முழங்கியது. ஒபாமா தரப்பு விதி விதிதான் என்றது. மறுதேர்தல் வைக்கலாமா என்று மார்ச்சில் பேசி, அதுவும் படியவில்லை.

2008 மே 31 அன்று வாஷிங்டன் ஹோட்டல் ஒன்றில் விதிகள் குழு கூடியது. அமெரிக்க அரசியலில் நான் பார்த்த நாடகங்களில் அதற்கு ஒரு தனி இடம் உண்டு. உள்ளே கூட்டம், வெளியே கிளின்டன் ஆதரவாளர்களின் ஆர்ப்பாட்டம், எல்லாம் நேரடி ஒளிபரப்பு. ஃபுளோரிடாவுக்குத் தீர்வு சுலபமாக வந்தது: எல்லாப் பிரதிநிதிகளும் வரலாம், ஆளுக்கு அரை வாக்கு. 27-0 என்று ஏகமனதாக நிறைவேறியது. மிஷிகன்தான் முள். அங்கே ஒபாமாவுக்கு வாக்கே இல்லை, ஏனென்றால் பெயரே இல்லை. கிளின்டன் தரப்பு தங்களுக்கு 73, ‘உறுதியில்லை’ பிரிவுக்கு 55 என்றது. ஒபாமா தரப்பு ஆளுக்கு 64 என்று சரிபாதி கேட்டது. மாநிலக் கட்சி இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு 69-59 என்றது. அதாவது கிட்டத்தட்ட சராசரி! வாக்கு எண்ணிக்கையிலிருந்து வராத, பேரம் பேசி வந்த ஒரு எண். அதுவும் ஆளுக்கு அரை வாக்கு. 19-8 என்று நிறைவேறியது. கிளின்டன் ஆலோசகர் ஹரால்ட் இக்கீஸ் கொதித்தார்; மக்கள் கொடுத்ததைப் பறிக்கிறீர்கள் என்றார். முந்தைய ஆண்டு அந்த இரு மாநிலங்களின் பிரதிநிதிகளையும் முழுசாகப் பறித்தபோது அதே குழுவில் இருந்து ஆதரித்து வாக்களித்தவர்தான் அவர்.

கதை அங்கேயும் முடியவில்லை. ஜூனில் ஒபாமா வெற்றி உறுதியானது. ஆகஸ்டில் டென்வர் மாநாட்டுக்கு முன்பு இரண்டு மாநிலங்களுக்கும் முழு வாக்கும் திரும்பக் கிடைத்தது. நவம்பரில் ஜெயிக்க வேண்டிய மாநிலங்களை யாராவது மாநாட்டில் அவமானப்படுத்துவார்களா? தண்டனை என்பது போட்டி நடக்கும்வரைதான் பயமுறுத்தும், ஆள் முடிவானதும் அதற்குப் பல் கிடையாது என்பதை மாநிலங்கள் நன்றாகப் படித்துக்கொண்டன.

குடியரசுக் கட்சியும் 2008-இல் அவசரப்பட்ட மாநிலங்களின் பிரதிநிதிகளைப் பாதியாக வெட்டியது. ஃபுளோரிடாவின் 114 பேர் 57 ஆனார்கள். ஆனாலும் அந்த 57 பேரும் மொத்தமாக ஜான் மெக்கெய்னுக்குப் போனதால் அவருக்கு அது பெரிய வெற்றி. 2012-இல் ஃபுளோரிடா மறுபடி ஜனவரி 31-க்கு வந்தது. 99 பேர் 50 ஆனார்கள், ஐம்பதும் மிட் ராம்னிக்கு. இத்தனைக்கும் அந்த ஆண்டு மாநாடு ஃபுளோரிடாவின் டாம்பாவில்தான்! அதன் பிறகுதான் கட்சி கையை ஓங்கியது: தேதி மீறும் பெரிய மாநிலத்துக்கு மிஞ்சப்போவது 12 பிரதிநிதிகள் மட்டும். அதற்குப் பிறகு ஓட்டம் பெருமளவு அடங்கியது.

2024: விதியையே திருப்பிப் போட்டபோது

2020-இல் ஜோ பைடன் அயோவாவில் நான்காமிடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாமிடம். தென் கரோலினாவில்தான் கறுப்பின வாக்காளர்கள் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். 2022 டிசம்பரில் அவர் தேசியக் கட்சிக்கு எழுதினார்: அடுத்த முறை தென் கரோலினா முதலில். 2023 பிப்ரவரியில் கட்சி அதை ஏற்றது. தென் கரோலினா பிப்ரவரி 3, நெவாடாவும் நியூ ஹாம்ப்ஷயரும் 6, ஜார்ஜியா 13, மிஷிகன் 27. அயோவா வரிசையிலேயே இல்லை.

இதற்குச் சொன்ன காரணம் வலுவானது. ஏறக்குறைய முழுக்க வெள்ளையர் வாழும் இரண்டு சின்ன மாநிலங்கள், கறுப்பின வாக்காளர்களை நம்பியிருக்கும் ஒரு கட்சிக்கு ஏன் வடிகட்டியாக இருக்க வேண்டும்? சொல்லாத காரணமும் கண்ணுக்குத் தெரிந்தது: தன்னைத் தோற்கடித்த இடங்களைத் தள்ளிவிட்டு, ஜெயிக்க வைத்த இடத்தை முன்னால் கொண்டுவருவது. என்னைக் கேட்டால் இரண்டுமே உண்மை. பிரைமரி விதிகளை யார் மாற்றினாலும் ஒரு கொள்கையும் ஒரு கணக்கும் சேர்ந்துதான் வரும்.

தேசியக் கட்சி அட்டவணை போட்டது. ஆனால் தேதி யார் கையில்? நியூ ஹாம்ப்ஷயரில் ஆளுநரும் சட்டமன்றமும் குடியரசுக் கட்சி. சட்டத்தை மாற்ற மாட்டோம் என்றார்கள். கார்ட்னருக்குப் பின் வந்த டேவிட் ஸ்கான்லன் ஜனவரி 23 என்று குறித்தார். பைடன் தன் சொந்த விதியை மீற முடியாமல் வாக்குச்சீட்டில் பெயரே கொடுக்கவில்லை. தேசியக் கட்சி இந்தத் தேர்தல் ‘அர்த்தமற்றது’ என்று மாநிலக் கட்சிக்குக் கடிதம் எழுதியது. உடனே மாநில அட்டர்னி ஜெனரல், இப்படிச் சொல்லி வாக்காளர்களைத் தடுக்கப் பார்க்காதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். தேர்தல் அன்று பைடன் ஆதரவாளர்கள் சீட்டில் அவர் பெயரைக் கையால் எழுதிப் போட்டார்கள். போட்டியிடாதவர் சுமார் 64 சதவீதம் வாங்கி ஜெயித்தார். பிறகு ஏப்ரலில் மாநிலக் கட்சி தன் பங்குக்கு ஒரு தனி நிகழ்வு நடத்தி, விதியைக் காப்பாற்றிய மாதிரியும் ஆயிற்று, பிரதிநிதிகளும் மாநாட்டுக்குப் போயினர்.

ஜார்ஜியாவிலும் இதே தடைதான். அங்கே தேதி குறிப்பவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கர். இரண்டு கட்சிக்கும் ஒரே நாள், எந்தக் கட்சியும் பிரதிநிதிகளை இழக்கக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. தேதி மார்ச் 12-இல் நின்றது.

மிஷிகனில் கதை தலைகீழ். 2022-இல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் பதவியோடு இரு அவைகளையும் பிடித்திருந்தது. தேதியைப் பிப்ரவரி 27-க்கு மாற்றச் சட்டம் போட்டார்கள். ஆனால் அந்த மாநிலத்தில் ஒரு சட்டம் உடனே அமலாக மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். குடியரசுக் கட்சி செனட்டர்கள் தரவில்லை. இல்லாவிட்டால் கூட்டத்தொடர் முடிந்து 90 நாள் கழித்துத்தான் அமல். வழக்கம்போல டிசம்பர் இறுதிவரை சபை நடந்தால் காரியம் கெட்டுவிடும். அதனால் 2023 நவம்பர் 14-ஆம் தேதியே சபையை மூட்டை கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மாட்டிக்கொண்டது மிஷிகன் குடியரசுக் கட்சி. அவர்களுடைய தேசிய விதிப்படி மார்ச்சுக்கு முன் வாக்கெடுப்பு வைத்தால் 55 பேர் 12 ஆகிவிடுவார்கள். ஃபுளோரிடாவில் 2007-இல் நடந்தது இங்கே கட்சி மாறி நடந்தது. அவர்கள் கண்டுபிடித்த வழி: பிப்ரவரி 27 பிரைமரி முடிவுப்படி 16 பேர் மட்டும், மீதி 39 பேரை மார்ச் 2 அன்று கட்சி நடத்தும் காகஸில் தேர்ந்தெடுப்பது. பிரைமரியில் டிரம்புக்கு 12, அவரை எதிர்த்துப் போட்டியிட்ட நிக்கி ஹேலிக்கு 4. கட்சி நிர்வாகிகள் கூடிய காகஸில் 39-உம் டிரம்புக்கு. ஒரே மாநிலம், ஒரே வாரம், வாக்களிக்கும் கூட்டம் மாறியதும் கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள்.

நெவாடாவில் நடந்தது கேலிக்கூத்து. 2021-இல் ஜனநாயகக் கட்சி ஆட்சி காகஸுக்குப் பதில் அரசு நடத்தும் பிரைமரி என்று சட்டம் போட்டது. குடியரசுக் கட்சி ஏற்கவில்லை. பிரதிநிதிகளைத் தருவது எங்கள் காகஸ்தான், அரசுப் பிரைமரியில் பெயர் கொடுப்பவருக்குக் காகஸில் இடமில்லை என்றது. டிரம்ப் காகஸுக்குப் போனார், ஹேலி பிரைமரிக்குப் போனார். பிப்ரவரி 6 பிரைமரியில் டிரம்ப் பெயர் இல்லாத சீட்டில் ‘இவர்களில் யாரும் வேண்டாம்’ என்பதற்கு 63 சதவீதம், ஹேலிக்கு 30. இரண்டு நாள் கழித்துக் காகஸில் டிரம்ப் 99 சதவீதம் வாங்கி 26 பிரதிநிதிகளையும் எடுத்துக்கொண்டார்.

வாக்கு எப்படிப் பிரதிநிதி ஆகிறது?

தேதிச் சண்டை சத்தமாக நடக்கும். பிரதிநிதிக் கணக்கு பற்றிய சண்டை கமிட்டி அறைக்குள் சத்தமில்லாமல் முடிந்துவிடும், ஆனால் பல சமயம் அதற்குத்தான் வலிமை அதிகம்.

ஜனநாயகக் கட்சியில் எல்லா மாநிலத்திலும் விகிதாசாரம். 15 சதவீதம் தாண்டியவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு, தாண்டாதவர்களுக்குப் பட்டை நாமம். இந்தக் கணக்கு மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் தனித்தனியாக நடக்கும். இங்கேதான் ஒரு சூட்சுமம். ஒரு மாவட்டத்துக்கு 4 பிரதிநிதிகள் என்று வையுங்கள். இருவர் போட்டியில் 58-42 என்று ஒருவர் ஜெயித்தாலும் 2-2 என்றுதான் பிரியும். மூன்றாவது பிரதிநிதி வேண்டுமானால் 62.5 சதவீதம் தாண்ட வேண்டும். பக்கத்து மாவட்டத்துக்கு 3 பேர் என்றால் 51-49 வெற்றிக்கே 2-1. அதாவது ஒற்றைப்படை மாவட்டத்தில் மயிரிழை வெற்றி, இரட்டைப்படை மாவட்டத்தில் பெரிய வெற்றியைவிட லாபம்.

2008-இல் ஒபாமாவின் ஆட்கள் இதைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். பிப்ரவரி 5 அன்று நியூ ஜெர்சியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்த பிரைமரியில் கிளின்டன் ஜெயித்தார்; 59-48, அதாவது 11 பிரதிநிதி முன்னிலை. அதே நாள் ஐடஹோவில் சுமார் 21 ஆயிரம் பேர் மட்டுமே வந்த காகஸில் ஒபாமா 15-3 என்று ஜெயித்தார். 12 பிரதிநிதி முன்னிலை! மாபெரும் மாநிலத்தின் வெற்றியை ஒரு சின்ன மாநிலத்தின் ஒரு மாலைக் கூட்டம் விழுங்கிவிட்டது. டெக்சஸில் பகலில் பிரைமரி, இரவில் காகஸ் என்று இரண்டும் நடந்தன. பிரைமரியில் வென்றது கிளின்டன், கூட்டிப் பார்த்தால் அதிகப் பிரதிநிதிகள் ஒபாமாவுக்கு.

குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு முறை. மார்ச் நடுப்பகுதிக்கு முன் வாக்களித்தால் விகிதாசாரம், அதற்குப் பிறகு வென்றவருக்கே எல்லாம் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது பொதுவிதி. நான்கு ஆரம்ப மாநிலங்களுக்கு விலக்கு உண்டு. 2016-இல் தென் கரோலினாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான வாக்கு வாங்கிய டிரம்ப் 50 பிரதிநிதிகளையும் அள்ளினார். எதிரணி ஐந்தாறாகச் சிதறியிருக்கும்போது இந்த முறை முன்னணியில் இருப்பவருக்கு வரம். அதனால் முன்னணியில் இருப்பவரின் ஆட்கள் முதல் வாக்கு விழுவதற்கு முன்பே மாநிலக் கட்சிகளிடம் பேசி விதியைச் செதுக்கிக்கொள்வார்கள். 2023 ஜூலையில் கலிஃபோர்னியா குடியரசுக் கட்சி, யாராவது பாதிக்கு மேல் வாங்கினால் 169 பிரதிநிதிகளும் அவருக்கே என்று விதியை மாற்றியது. அப்போது கருத்துக்கணிப்பில் பாதியைத் தொடும் நிலையில் இருந்தவர் டிரம்ப் ஒருவர்தான். அடுத்த மார்ச்சில் 169-உம் அவருக்குப் போயின.

பிரதிநிதி என்பவர் எண் இல்லை, ஆள். அதுவும் ஒரு சிக்கல். 2012-இல் குடியரசுக் கட்சியின் அயோவா காகஸில் ரான் பால் என்ற வேட்பாளருக்கு மூன்றாமிடம்தான். ஆனால் அந்த இரவு நடந்தது வெறும் விருப்பக் கணக்கு. உண்மையான பிரதிநிதிகள் அதற்குப் பிறகு மாவட்டக் கூட்டம், மாநில மாநாடு என்று படிப்படியாகத் தேர்வானார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் பாலின் ஆட்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். டாம்பா மாநாட்டில் அயோவாவின் 28 பிரதிநிதிகளில் 22 பேர் பாலுக்கு வாக்களித்தார்கள். அடுத்த தேர்தலுக்குள் அந்த ஓட்டையைக் கட்சி அடைத்தது. ஜனநாயகக் கட்சியில் இதற்கு இணையான புகைச்சல், எம்.பி.க்களும் கட்சித் தலைவர்களும் தேர்தலில் நிற்காமலேயே பெறும் சூப்பர் டெலிகேட் பதவி பற்றியது. 2016-இல் பெர்னி சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் கொந்தளித்த பிறகு, 2018-இல் சூப்பர் டெலிகேட்டுகளுக்கு மாநாட்டின் முதல் சுற்றில் பொதுவாக வாக்கு இல்லை என்று ஆக்கினார்கள்.

பிரதிநிதிகள் ஆட்கள்தான் என்பது 2024 ஜூலை 21 அன்று எல்லோருக்கும் உறைத்தது. எல்லாப் பிரைமரியும் முடிந்து பைடன் விலகினார். வாக்காளர்களிடம் திரும்பிப் போக நேரமில்லை. அவருக்காகத் தேர்வான ஏறக்குறைய நாலாயிரம் பேர் கையில் முடிவு வந்தது; ஓரிரு நாளில் பெரும்பான்மையினர் கமலா ஹாரிஸ் பக்கம் வந்துவிட்டார்கள். மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் அவருடைய தாத்தாவின் ஊர்க்காரர்கள் பேனர் வைத்து பூஜை செய்தது இந்தக் கட்டத்தில்தான்.

அங்கேயும் ஒரு தேதித் தகராறு காத்திருந்தது. ஒஹாயோ சட்டப்படி ஆகஸ்ட் 7-க்குள் வேட்பாளர் பெயரைக் கொடுக்க வேண்டும். ஜனநாயகக் கட்சி மாநாடோ ஆகஸ்ட் 19-இல். குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றம் இழுத்தடித்து, ஆளுநர் சிறப்புக் கூட்டம் கூட்டிய பிறகு கெடுவை நீட்டித்தது. ஆனால் அந்தத் திருத்தம் அமலாவது செப்டம்பர் 1-இல்தான். இடையில் யாராவது வழக்குப் போட்டால் என்ன செய்வது என்று பயந்த கட்சி, மாநாட்டுக்குக் காத்திருக்காமல் இணையவழியில் வாக்கெடுப்பு நடத்தி ஆகஸ்ட் 5 அன்றே முடித்துக்கொண்டது. இரண்டு வாரம் கழித்து சிகாகோவில் ஒவ்வொரு மாநிலமாகப் பெயர் அழைத்து, டிஜே பாட்டுப் போட, பிரதிநிதிகள் எழுந்து வாக்கை அறிவித்தது வெறும் சம்பிரதாயம்.